வேளாங்கண்ணி நடை: முடிவு கடைசி மணலில்

ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8-ல் பெருவிழா. அந்த நாட்களில் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களைப் பக்தர்களாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். தசையின் கணக்கில் அவர்கள் நெடுந்தொலைவு வீரர்கள். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். தஞ்சாவூரிலிருந்து சுமார் 90. அந்த 90-க்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமான எட்டுகள் வைக்க வேண்டும்.

லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரை 46 விநாடிக்குள் ஓடி வெண்கலம் வென்றார். அத்தகைய ஓட்டத்துக்குக் கைகொடுப்பவை தசையின் வேக இழைகள். விசை அதிகம், களைப்பும் சீக்கிரம். பாதயாத்திரைக்கு வேண்டியவை மெதுவிழைகள். ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பையும் எரித்து மணிக்கணக்கில் உழைப்பவை இவை. கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் தசையில் பெரும்பகுதி மெதுவிழைகள்தான். இந்த ஆட்டத்தின் முதல் ஆட்டக்காரர் அந்தத் தசை.

இழைக்குள் நடப்பது என்ன? நரம்பின் ஆணை வந்ததும் கால்சியம் பரவும். மயோசின் என்ற புரதத்தின் தலைகள், ஆக்டின் என்ற புரதத்தைப் பற்றி இழுக்கும், விடும், மறுபடி பற்றும். கரைவலைக் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுப்பது போலத்தான். இழுக்க மட்டுமல்ல, பிடியை விடவும் ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் தொடை வலி எழவிடாது. ‘லாக்டிக் அமிலம் தங்கிவிட்டது’ என்பார்கள். அது தவறு, அந்த அமிலம் ஓய்வெடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். குதிகால் தரையில் படும்போதெல்லாம், முட்டி சட்டென்று மடங்கிவிடாமல் முன்தொடைத் தசை பிரேக் போடுகிறது. நீண்டுகொண்டே தாங்கும் அந்த வேலைதான் இழைகளில் நுண்ணிய சேதத்தை உண்டாக்குகிறது. டெல்டாவின் சாலையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அதனால் அதே இழைகளுக்கு ஓயாமல் அதே வேலை.

அப்படி அடிபட்ட தொடையோடுதான் பலர் மாதா குளத்துக்கும் பேராலயத்துக்கும் இடையிலான மணல் பாதையில் முழங்காலிட்டு நகர்கிறார்கள். மணலில் சாதாரணமாக நடப்பதற்கே, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் செலவாகும். முழங்காலில் நகரும்போது கெண்டைக்காலுக்கு வேலையில்லை. சுமை முழுவதும் தொடைக்கும் இடுப்புக்கும் போகிறது. வழியெல்லாம் கெண்டைக்கால் கொண்டுவந்து சேர்த்தாலும், நேர்ச்சையை முடித்துவைப்பது தொடைதான்.

பயிற்சியும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். நீண்டு தாங்கும் வேலையை ஒருமுறை பழகிய தசைக்கு, அடுத்த சில வாரங்களுக்குச் சேதம் குறைவு. சமவெளிக்காரர்களுக்கு மாடிப்படியும் ஆற்றங்கரையும் இருக்கின்றன. ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதே முக்கியம். கூடவே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பாதி உட்கார்ந்து எழுங்கள். நடக்கையில் பேச முடிகிற வேகமே போதும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைவதன் அறிகுறியாக இருக்கலாம். நடையை நிறுத்தி உடனே மருத்துவரிடம் போங்கள்.

கொடியேற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஜூலையிலேயே பயிற்சியைத் தொடங்குங்கள்.