சங்கின் கொழுந்து

எல்ல ஊரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து என்னும் சொல்லுக்குப் பொருள் கூற ஆசிரியர் வேண்டுவதில்லை. தளிர் கிள்ளிக் கூடையில் இடும் கைகளே அதனைக் கற்பித்துவிடும். ஆயின், ஆவூர் மூலங்கிழார் பாடிய அகநானூற்று 24ஆம் பாட்டில் அச்சொல் சங்கின்மேல் நிற்கின்றது. ‘சங்கின் நுனி’ என ஒருசொற் பொருள் கூறி மேற்செல்லும் வகுப்பறை வழக்கத்தால் அப்பாட்டு பெரிதும் இழக்கின்றது.

வேள்வி செய்யாத பார்ப்பான் அரத்தால் சங்கை அறுத்து வளைகளைக் கொள்கின்றான். வளை போக எஞ்சிய துண்டினை ஒத்திருக்கின்றது விரியாத பகன்றை அரும்பு. இதுவே உவமை. மன்னார்க் குடாவின் மணற்படுகையில் புழுக்களை உண்டு வாழும் சங்கு என்னும் கடல்நத்தையின் ஓடு தடித்து இறுகியது. குறுக்கே அறுத்தால் அகன்ற நடுப்பகுதியே வளையாகும். திருகிக் குறுகிய நுனி எந்தக் கைக்கும் ஆகாது. கொற்கையில் அவ்வாறு அறுத்தெறிந்த துண்டுகள் கிடைத்தமையை, 1914இல் வெளிவந்த தம் சங்கு நூலில் ஜேம்ஸ் ஹார்னெல் குறித்துள்ளார். புலவர் கண்டது கோயிலில் முழங்கும் சங்கன்று, பட்டறைக் கழிவு. சங்கு என்றவுடன் மங்கலம் என்றே எண்ணிப் பழகிய உள்ளத்திற்கு இஃது எளிதில் புலப்படுவதில்லை.

தேயிலையிற் கொழுந்து கொள்ளப்படுவது. சங்கிற் கொழுந்து தள்ளப்படுவது. இம்முரண் மலைநாட்டு மாணாக்கர்க்கே முதலில் உறைக்கும். கடலை அவருட் பலர் கண்டிலர் எனினும், பகன்றையை மலர்த்தும் தைத்திங்கட் கடைமழையை அறிவர். வடகீழ்ப் பருவக்காற்றே ஊவாவுக்குப் பெருமழை தருவது.

சங்குத் துண்டு ஒருநாளும் விரியாது. பகன்றையோ தூறல் பட்டு மலர்கின்றது. அம்மலர்ச்சியைப் பாசறையிலிருந்து நினைப்பவன் பிரிந்துறையும் தலைவன். அவன் அருகில் நிற்கும் யானையின் வெண்கோடோ, மதிற்கதவிற் பாய்ந்தமையால் தொடி பிளந்து நுனி மழுங்கியது. தொடி என்பது கோட்டிற்கு இட்ட பூண். மகளிர் கைவளைக்கும் அதுவே பெயர். வளை நீங்கிய சங்கும் தொடி பிளந்த கோடும் ஒரே பாட்டில் அமைந்ததைத் தற்செயல் எனத் தள்ளுதற்கில்லை. பிரிவால் தலைவியின் வளை நெகிழ்ந்தது எனப் பலரும் பாடினர். மூலங்கிழார் அவள் கையைக் காட்டாமலே, வளை போனபின் எஞ்சுவதை இருமுறை காட்டுகின்றார்.