முன்னாய்வுகளைத் தொகுத்தாராய்தல்

ஒரு பொருளைப் பற்றி எழுதப் புகுவோன், அதுபற்றி முன்னர் எழுதினோர் யாவர், அவர் கண்டவை எவை என அறிந்த பின்னரே எழுதுதல் வேண்டும். இதனை மறுப்பார் இலர். ஆயின், முன்னோர் எழுத்தை எங்கே தேடினான், எவற்றைக் கொண்டான், எவற்றை எக்காரணம் பற்றித் தள்ளினான் என்பவற்றையும் அவன் வெளிப்படக் கூறல் வேண்டும் என்பது அண்மைக்காலத்தே வலுப்பெற்ற கொள்கையாகும். பொறியியற் கல்வி ஆய்வாளர்க்கு இக்கொள்கையை விரித்துரைத்தது, மோரா பொரேகோ, மார்கிரற் பொஸ்ரர், ஜெப்ரி புரொயிட் என்னும் மூவர் 2014 இல் அமெரிக்கப் பொறியியற் கல்வி ஆய்விதழில் வெளியிட்ட நெடுங்கட்டுரை. அதனையும் அது கூறும் முறையையும் மதிப்பிடுதலே ஈண்டு எம் நோக்கம்.

இம்முறையை ‘முறைசார் இலக்கிய மீளாய்வு’ எனத் தமிழில் வழங்குவர். இலக்கியம் என்றதும் கம்பனையும் இளங்கோவையும் நினைக்கும் நம் மாணவர்க்கு இத்தொடர் மயக்கந் தரும். இங்கு இலக்கியம் என்றது முன் வெளிவந்த ஆய்வெழுத்துகளையே. ‘முன்னாய்வுத் தொகுப்பு’ என்பதே எமக்கு உவப்பு.

முறை மருத்துவத் துறையிலிருந்து வந்தது. 1753 இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லின்ட், மாலுமிகளை வாட்டிய ஸ்கேர்வி நோய் பற்றித் தம் நூலை எழுதியபோது, தமக்கு முன்னர் அந்நோய் பற்றி எழுதினோர் அனைவரையும் நிரைப்படுத்தி ஆராய்ந்தார். எலுமிச்சைச் சாற்றைக் கடற்படையினர்க்கு வழங்கும் ஆணையோ 1795 இலேதான் பிறந்தது. ஆங்கிலேயர் நம் திருகோணமலைத் துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியதும் அவ்வாண்டிலேயே. உண்மை கண்டறியப்பட்டும் நாற்பதாண்டு பயன்படாதிருந்தது என்பதை உணர்ந்தோர், தொகுத்தாராய்தலின் அருமையை உணர்வர்.

மூவர் கட்டுரையின் சிறப்பு யாது? வினாவைக் குறுக்கி அமைத்தல், ஏற்கும் விதிகளை முன்கூட்டியே வகுத்தல், தேடிய அட்டவணைகளையும் தேடற் சொற்களையும் பதிதல், கிடைத்தவற்றின் தரத்தை மதித்தல், பின் அவற்றை இணைத்துப் பொருள் காணல் என்னும் படிகளைப் பிறதுறைகளிலிருந்து எடுத்துப் பொறியியற் கல்விக்கு ஏற்ப அமைத்துக் காட்டுகின்றனர். விதி கூறுவதோடு அமையாது, அத்துறையில் அதுகாறும் வந்த மீளாய்வுகளைத் தாமே முறைப்படி தேடி, பதினான்கினை எடுத்துக்காட்டாகத் தருகின்றனர். மூவருள் ஒருவர் நூலகர் என்பது எம்மைப் பெரிதும் கவர்ந்தது. தேடுதல் ஒரு தனிக்கலை என்பதற்கு வேறு சான்று வேண்டா. நூலகரைப் புத்தகக் காவலராக மட்டும் கருதும் நம் கல்லூரிகள் இதனை நோக்குதல் நன்று.

குறை அம்மூவரிடத்தன்று, அவர் காட்டிய நெறியிற் செல்வோர் பலரிடத்தது. இன்ன ஆண்டில் இத்தனை கட்டுரை, இன்ன நாட்டில் இத்தனை கட்டுரை என எண்ணிக் கட்டம் வரைந்தவுடன் பணி முடிந்ததெனக் கருதுகின்றனர். எண்ணுதல் எளிது, இணைத்துப் பொருள் காணலே அரிது. அதனினும் பெரிய குறை, ‘ஆங்கிலத்தில் வெளிவந்தவை மட்டும்’ என்னும் விதியைப் பலர் ஆராயாது மேற்கொள்வதாகும். கொட்டியாரக் குடாவில் மட்டும் வலைவீசியவன், கடலில் உள்ள மீன் இவ்வளவே எனக் கணக்குக் கூறலாமோ?

இது நமக்கு வெறும் வாதமன்று. நம் மாணவருட் பெரும்பாலோர் உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ கற்று, பேராதனையிலோ மொறட்டுவையிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ ஒலுவிலிலோ பொறியியலை ஆங்கிலத்தில் தொடங்குகின்றனர். முதலாண்டில் மொழியால் அவர் படும் இடர் பற்றி ஒருவர் முன்னாய்வுத் தொகுப்புச் செய்ய விழைகின்றார் என்க. 1884 இல் தொடங்கிய பொறியியற் சுட்டியின் வழிவந்த கொம்பென்டெக்ஸ், ஸ்கோப்பஸ் முதலியவற்றை மட்டும் அவர் நாடினால், கருத்தரங்கத் தொகுதிகளிலும் பட்டமேற் படிப்பு ஆய்வேடுகளிலும் ஆசிரியர் சஞ்சிகைகளிலும் உள்ளவற்றுட் பல அவர் கண்ணிற்படா. ‘யாம் தேடிய இடத்தில் இல்லை’ என்று எழுதவேண்டியவர், ‘இப்பகுதியில் ஆய்வு இல்லை’ என்று எழுதிவிடுவார். அவ்வொரு வாக்கியத்தை நம்பிப் பாடத்திட்டம் வகுப்போரும் உளர்.

உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியையும் (1887) சிலப்பதிகாரத்தையும் (1892) பதிப்பித்தபோது, நூலகப் பட்டியல்களோடு நின்றாரல்லர். ஊர் ஊராகச் சென்று வீட்டுப் பரண்களிலிருந்த ஏடுகளையும் தேடினார். ஏடு தந்தவர் யாவர் என்பதையும் பதிவு செய்தார். தேடிய இடத்தை வெளிப்படக் கூறும் ஒழுக்கம் நம் பதிப்பாசிரியர்க்குப் புதியதன்று.

எனினும், பழி முழுவதையும் பிறர்மேற் சுமத்துதல் முறையன்று. நம்மவர் கட்டுரைகள் பலவற்றில் சுருக்கம் இல்லை. எத்தனை மாணவரை, எவ்வாறு வினவினர் என்ற குறிப்பில்லை. ‘ஆய்வாளர் கூறுவர்’ என்பார், எவ்வாய்வாளர் எனக் கூறார். இவை அகப்படினும், தரம் மதிக்கும் படியிலேயே தள்ளுண்ணும். அவ்வாறு தள்ளுதலும் நேர்மையே.

மேற்கூறிய மொழியிடர் பற்றித் தொகுப்புச் செய்யக் கருதும் பழைய மாணவர், பன்னாட்டு அட்டவணைகளோடு இலங்கை ஆய்விதழ்களின் இணையத்தொகுப்பையும், ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை மின்னுருவாக்கி வைத்திருக்கும் நூலகம் தளத்தையும் தேடுக. பல்கலைக்கழக நூலகங்களின் ஆய்வேட்டு அடுக்குகளை நேரிற் சென்று காண்க. கொண்டவற்றையும் தள்ளியவற்றையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மொழிவாரியாகப் பிரித்துக் கணக்குக் காட்டுக.