ஆறு மாதத்தில் ஓர் ஆறு

1993இல் பி. சாய்நாத் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ வழங்கிய நிதிநல்கை ஒன்றைப் பெற்றுக்கொண்டு, நாட்டின் மிக வறிய மாவட்டங்களுக்குப் புறப்பட்டார். அந்தப் பட்டியலில் நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் இருந்தன. அங்கிருந்து அவர் எழுதிய கட்டுரைகள் 1996இல் ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்’ என்ற நூலாக வந்தன. மழை பொய்த்ததை எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது, தண்ணீரை யார் விற்கிறார்கள், நிவாரணப் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்ட எழுத்து அது. தினசரி வேலையில் இருந்துகொண்டு அதை எழுதியிருக்க முடியாது. யாரோ ஒருவர் மாதக்கணக்கில் சோற்றுக்கும் பேருந்துக்கும் பணம் கொடுத்ததால்தான் முடிந்தது.

அந்தப் பணம் ஒரு செய்தித்தாளிலிருந்தே வந்தது என்பது இன்று திரும்பிப் பார்க்கையில் வியப்பாக இருக்கிறது. இப்போது சுற்றுச்சூழலையும் காலநிலையையும் பற்றி ஆழமாக எழுத விரும்பும் செய்தியாளர் தன் ஆசிரியரிடம் பணம் கேட்பதில்லை. நல்கை அறிவிப்புகளைத் தேடுகிறார். இன்டர்நியூஸ் அமைப்பு 2004இல் தொடங்கிய எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், வாஷிங்டனில் 2006இல் தொடங்கப்பட்ட புலிட்சர் சென்டர், அமெரிக்கச் சுற்றுச்சூழல் செய்தியாளர் சங்கத்தின் நிதி எனப் பல வாசல்கள் இருக்கின்றன. பெரிய நிறுவனங்களும் இந்த வாசல்களில்தான் நிற்கின்றன. 2022இல் அசோசியேட்டட் பிரஸ், ஐந்து அறக்கட்டளைகளிடமிருந்து மூன்றாண்டுகளுக்கு 80 லட்சம் டாலருக்கும் மேல் பெற்று, காலநிலைச் செய்திக்கென்றே சுமார் இருபது பேரை அமர்த்துவதாக அறிவித்தது.

இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் அதன் மீது எனக்குள்ள வருத்தங்களைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ‘வெளிப்பணம் வந்தால் செய்தி கெடும்’ என்று சொல்பவர்கள், உள்ளூர்ப் பணம் செய்தியை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்பதே இல்லை. ஒரு தாலுகா நிருபரை எண்ணிப் பாருங்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது; அச்சாகும் செய்திக்கு இவ்வளவு என்று ஏதோ வரும். பொங்கல் மலருக்கும் தீபாவளி மலருக்கும் விளம்பரம் பிடித்துத் தர வேண்டியவரும் அவர்தான். அந்த ஊரில் விளம்பரம் தரக்கூடியவர் யார்? கல்குவாரி வைத்திருப்பவர், மணல் லாரி ஓட்டுபவர், மனை பிரித்து விற்பவர். ஏரிக்குள் மண் அடிக்கிறார்கள் என்று எழுதினால் அரைப்பக்க விளம்பரம் போகும். இந்தப் பிடியிலிருந்து ஒருவரை ஆறு மாதத்துக்கு விடுவிக்கிறது என்றாலே நல்கை பெரிய காரியம் செய்கிறது.

அது என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு ஆற்றின் கதை சாட்சி. 2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் என்பிரிட்ஜ் நிறுவனத்தின் குழாய் உடைந்து, கலமசூ ஆற்றில் பத்து லட்சம் கேலனுக்கு மேல் எண்ணெய் கலந்தது. மெக்ஸிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த அந்த ஆண்டில், உள்நாட்டு ஆறு ஒன்றைப் பெரிய ஊடகங்கள் அதிகம் கவனிக்கவில்லை. அறக்கட்டளைப் பணத்தில் இயங்கிய இன்சைடு கிளைமேட் நியூஸ் என்ற சின்னஞ்சிறு நிறுவனத்தின் மூன்று செய்தியாளர்கள் மாதக்கணக்கில் அதைத் தோண்டினார்கள். குழாயில் போனது வழக்கமான கச்சா எண்ணெய் அல்ல, நீரில் அமிழ்ந்து அடியில் படியும் கனத்த பிட்டுமென் கலவை என்பதையும், அதைக் கையாள எவரும் ஆயத்தமாக இல்லை என்பதையும் எழுதினார்கள். 2013இல் அவர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அதே நிறுவனம் 2015இல், புவி சூடாவதை எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970களின் இறுதியிலேயே அறிந்திருந்தார்கள் என்பதை அந்த நிறுவனத்தின் சொந்த ஆவணங்களைக் கொண்டே வெளியிட்டது. எக்ஸான் உடனே பணத்தின் மூலத்தைக் கேள்வி கேட்டது. ராக்கஃபெல்லர் குடும்ப அறக்கட்டளைகளின் பணம் இந்த ஆய்வுகளுக்குப் பின்னால் இருந்தது உண்மை. அந்தக் குடும்பத்தின் செல்வம், எக்ஸானின் மூதாதையான ஸ்டாண்டர்டு ஆயில் ஈட்டியது என்பதும் உண்மை. ஆனால் ஆவணங்கள் பொய்யாகவில்லை. 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, எக்ஸான் விஞ்ஞானிகளின் பழைய கணிப்புகள் எவ்வளவு துல்லியமாக இருந்தன என்பதை எண்களால் காட்டியது. கொடுத்தவருக்கு ஒரு நோக்கம் இருந்தது என்பதாலேயே செய்தி பொய்யாகிவிடாது. அதற்காக, யார் கொடுத்தார்கள் என்பதை வாசகரிடம் மறைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பது கட்டுரையின் முதல் பத்திக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பல இடங்களில் அது கடைசி வரியில் சிறிய எழுத்தில் கிடக்கிறது.

கொடுப்பவர் நேரடியாகத் தலையிடுவதைவிட, அவர் எதற்குக் கொடுக்கிறார் என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. 2018இல் நார்வே அரசின் உதவியுடன் புலிட்சர் சென்டர் மழைக்காட்டு இதழியல் நிதியைத் தொடங்கியது. அமேசான், காங்கோ, தென்கிழக்கு ஆசியக் காடுகள் பற்றி அதனால் அருமையான செய்திகள் வந்திருக்கின்றன. ஆனால் நார்வே எண்ணெயும் எரிவாயுவும் விற்று வளர்ந்த நாடு. வட கடலின் எண்ணெய்க் கிணறுகள் மழைக்காட்டு நிதியின் எல்லைக்குள் வருவதில்லை. எவரும் எவரையும் எழுதாதே என்று சொல்லவில்லை. தலைப்பைத் தேர்ந்தெடுத்தபோதே வரைபடம் தீர்மானமாகிவிட்டது.

அதே காரியத்தை விண்ணப்பப் படிவமும் செய்கிறது. என்ன கண்டுபிடிக்கப்போகிறீர்கள், யாரைச் சந்திப்பீர்கள், என்ன தாக்கம் ஏற்படும், எந்தத் தேதியில் வெளிவரும்? களத்துக்குப் போகும் முன்பே இதற்கெல்லாம் விடை எழுத வேண்டும். நல்ல செய்தியாளர் போன இடத்தில் வேறொன்றைக் கண்டுபிடிப்பவர். படிவத்துக்கு அவரைத் தெரியாது. அதற்குத் தெரிந்தவர் ஆங்கிலத்தில் அழகாக வாக்குறுதி எழுதத் தெரிந்தவர். உள்ளூர் மொழியில் எழுதினாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்துத் தர வேண்டும் என்பது பல நல்கைகளின் நிபந்தனை. கடற்கரை அரிப்பைப் பற்றி முப்பது ஆண்டாகக் கண்டதைத் தமிழில் மணிக்கணக்கில் சொல்லக்கூடிய நிருபர், அந்த முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்.

ஆபத்தோ அவரைத்தான் தேடி வருகிறது. 2018 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் பிண்ட் நகரில், மணல் கொள்ளை பற்றிச் செய்தி வெளியிட்டுவந்த சந்தீப் சர்மா லாரி மோதி இறந்தார். 2020 ஜூனில் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவில் சுபம் மணி திரிபாதி சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரும் சிறுநகரச் செய்தியாளர்கள். 2024இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையின்படி, முந்தைய பதினைந்து ஆண்டுகளில் சுற்றுச்சூழல் பற்றி எழுதிய 44 செய்தியாளர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஐந்து வழக்குகளில் மட்டுமே தண்டனை கிடைத்திருக்கிறது. நல்கை இருந்தாலும் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. அலீசியா பேட்டர்சன் அறக்கட்டளையின் நல்கை பெற்று அமேசான் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த டாம் பிலிப்ஸ், 2022 ஜூனில் பிரேசிலின் ஜவாரி பள்ளத்தாக்கில், பழங்குடி மக்களுக்காக உழைத்த புரூனோ பெரெய்ராவுடன் கொல்லப்பட்டார். பயணச் செலவு கேட்கும் படிவத்தில் காப்பீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் கட்டாயமாக ஒரு வரி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். செய்தி வெளியான பிறகு வரும் அவதூறு வழக்கு, நல்கைக்காலம் முடிந்த பிறகே வருகிறது.

இந்தியாவில் இன்னொரு முடிச்சு உண்டு. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற செய்தித்தாள்களின் செய்தியாளர், பத்தி எழுத்தாளர், ஆசிரியர், உரிமையாளர் ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடை செய்கிறது. செய்த வேலைக்கு வாங்கும் ஊதியத்துக்கு விலக்கு உண்டு. நல்கை நன்கொடையா, ஊதியமா என்ற கேள்வியைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஒருவர் ஏரியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. உள்நாட்டுக் கொடையாளர்கள் சேர்ந்து 2015இல் பெங்களூருவில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கிச் சுயேச்சையான ஊடகங்களுக்கு உதவினார்கள். 2022 செப்டம்பரில் வருமான வரித் துறையினர் அங்கும் வந்தார்கள். உள்ளூர்ச் செல்வந்தர்கள் ஏன் இதற்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அயல்நாட்டுப் பணமும் நிலையானதல்ல. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, சுயேச்சையான ஊடகங்களுக்கென அந்த ஆண்டு ஒதுக்கியிருந்த சுமார் 26.8 கோடி டாலரும் முடங்கியது. இன்டர்நியூஸ் உட்பட உலகெங்கும் பல நிறுவனங்கள் அடிபட்டன. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, எங்கோ ஒரு ஆற்றங்கரையில் செய்தியறையின் விளக்கை அணைத்துவிட்டது.

அப்படியானால் எப்படிக் கொடுக்கலாம்? பிரேசிலில் 2022இல் தொடங்கிய ‘சுமாவுமா’ என்ற செய்தித்தளம் எனக்கு நம்பிக்கை தருகிறது. எலியானி புரூமும் தோழர்களும் அதைச் சாவோ பாவ்லோவில் தொடங்கவில்லை. பெலோ மோன்ட்டி அணையால் சிதைந்த அல்டமீரா நகரிலேயே தொடங்கினார்கள். காட்டு மக்களின் பிள்ளைகளையே செய்தியாளர்களாகப் பயிற்றுவிக்கிறார்கள். அங்கே நன்கொடை, போய்வருவதற்கு அல்ல, அங்கேயே இருப்பதற்குச் செலவாகிறது. நம்மிடமும் அதன் சாயல் உண்டு. சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ இணைய ஆவணகம் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் காலநிலை மாற்றம் பற்றி ஒரு தொடர் வெளியிட்டது. அதில் ராமநாதபுரம் பாரதிநகரில் கடற்பாசி எடுக்கும் பெண்களின் கதையைப் பதிவு செய்தவர் தமிழ்ப் புகைப்படக் கலைஞர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கும் அந்தப் பெண்கள், கடல் எப்படி மாறியிருக்கிறது என்று தங்கள் வார்த்தைகளில் சொன்னதை, அவர்கள் மொழியிலேயே படிக்கவும் முடிகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள். அந்த மாதமே அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். கேமராக்கள் வந்தன, போயின. எண்ணூருக்கு இன்று ஒரு நல்கை கிடைக்குமானால், அது ஆறு மாதக் கட்டுரைத் தொடருக்காக இருக்க வேண்டாம். அங்கேயே குடியிருக்கும் ஒருவருக்கு மூன்று வருடச் சம்பளமாக, தமிழில் எழுத, இன்ன முடிவு வேண்டும் என்று முன்கூட்டிக் கேட்காமல் கொடுக்க வேண்டும். காட்டுக்குப்பத்தில் வலை இழுப்பவரிடம் இந்த மாதம் எத்தனை கிலோ இறால் கிடைத்தது என்று அவர் கேட்டுக் குறித்துக்கொள்வார். அடுத்த மாதமும் போய்க் கேட்பார்.