மையமில்லா வலைகளும் பெயரில்லா அறிவிப்பாளரும்

ஷஅபான் இருபத்தொன்பதாம் நாள் மாலை திருத்தணியில் காத்திருப்பின் மாலையாகும். மலைமேல் முருகன் கோயில் விளக்குகள் எரியத் தொடங்கும் வேளையில், கீழே நாங்கள் மேற்கு வானை நோக்கி நிற்போம். மேகம் மறைத்துவிட்டால் செய்திக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அச்செய்தி எங்கள் ஊருக்கு இரு திசைகளிலிருந்து வரும். தமிழகத் தலைமை காஜியின் அறிவிப்பு சென்னையிலிருந்து வரும். ஹைதராபாத் பிறைக்குழுவின் முடிவு நகரி, புத்தூர்ப் பக்கத்து உறவினர் வாயிலாக வரும். 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. உறவுகள் கோட்டின் இருபுறமும் தங்கிவிட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு மாலையில், மஃரிப் முடிந்து சிறிது நேரத்திற்குள் பிறை தென்பட்டதாக அறிவிக்கும் குரற்பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. இளைஞர்கள் தராவீஹுக்குப் பாய் விரிக்கத் தொடங்கிவிட்டனர். முதிய இமாம் ஒருவர் மட்டும் அசையவில்லை.

“யார் சொன்னது தம்பி?”

“குரூப்புல வந்துச்சு ஹஜ்ரத்.”

“குரூப்புக்கு யார் சொன்னது?”

விடையில்லை. பத்துப் பேர் தத்தம் கைப்பேசியை நீட்டினர். பத்திலும் அதே பதிவு. அது முந்தைய ஆண்டின் அறிவிப்பு என்பது ஒரு மணி நேரம் கழித்தே தெரிந்தது. குரல் உண்மையானது, அறிவிப்பும் அதன் காலத்தில் உண்மையானதே, ஆண்டு மட்டும் வேறு.

இந்நிகழ்ச்சியை ஈண்டு நினைவுகூரக் காரணம் உண்டு. நம் கல்வி கற்ற இளைஞரிடையே அண்மைக்காலமாக ஒரு வாதம் வலுப்பெற்று வருகிறது. தகவல் தொடர்பின் நோய்கள் அனைத்திற்கும் மூலம் மையக்குவிப்பே. ஒரு நிறுவனத்தின் சர்வர்களில் உலகமே பேசுவதை விடுத்து மையமில்லாத வலைகளுக்கு மாறிவிட்டால் நோய் தீரும் என்பதே அது. இதில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

1964இல் பால் பேரன் என்ற பொறியாளர் ராண்ட் நிறுவனத்திற்காக எழுதிய அறிக்கைகளில் மூன்று படங்கள் உண்டு. எல்லா இழைகளும் ஒரே முடிச்சில் கூடும் வலை ஒன்று. சிறு மையங்கள் பல கொண்ட வலை மற்றொன்று. மீன்வலை போல எந்த முடிச்சும் தலைமை கொள்ளாத வலை மூன்றாவது. முதல் வலையில் நடு முடிச்சை அறுத்தால் யாவும் அறும். மூன்றாவதில் பல முடிச்சுகள் அழிந்தாலும் செய்தி சுற்றுவழியே போய்ச் சேரும். அணுகுண்டு விழுந்த பின்னும் செய்தி செல்ல வேண்டுமே என்பது அவருடைய கவலை. குண்டு விழாமலேயே நடு முடிச்சு அறுவதை நாம் கண்டுவிட்டோம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனம் தன் முதன்மை வலையமைப்பில் செய்த ஒரு தவறான மாற்றத்தால் வாட்ஸ்அப் உட்பட அதன் சேவைகள் அனைத்தும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றுபோயின. தவறாலன்றி ஆணையாலும் அறுக்கலாம். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட இணையம் படிப்படியாகவே திரும்பியது. 4ஜி சேவை முழுமையாக மீள 2021 பிப்ரவரி ஆயிற்று. பிள்ளையின் நலம் கேட்கத் தவித்த பெற்றோருக்கு மையக்குவிப்பின் தீமையை எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

2025இல் ஸோஹோவின் ‘அரட்டை’ செயலி திடீரெனப் புகழ் பெற்றபோது நம்மவர் பலரும் விடுதலை கிட்டியதாக மகிழ்ந்தனர். தமிழ்ப் பெயர் தாங்கிய செயலி என்பதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் உரிமையாளர் மாறுவது வேறு, அமைப்பு மாறுவது வேறு. கலிபோர்னியாவிலிருந்த நடு முடிச்சு நம் நாட்டிற்கு வந்தால் அது நடு முடிச்சாகவே இருக்கும். மின்னஞ்சலைப் போல ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி செல்லும் பொது நெறிமுறை வேண்டும் என்று அந்நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்புவே அப்போது கூறினார். அதைச் சுதேசி ஆர்வலர்கள் அவ்வளவாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி மற்றப் பாதிக்கு வருவோம்.

2018 மே மாதத்தில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் மனநலம் குன்றிய ஒருவர், குழந்தை கடத்துபவர் என்ற ஐயத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அதே நாட்களில் போளூர் அருகே, சென்னையிலிருந்து சென்றிருந்த 65 வயது மூதாட்டியும் அதே ஐயத்திற்கு இரையானார். கடத்தல் கும்பல் பற்றி வாட்ஸ்அப்பில் பரவிய செய்திகளே அந்த அச்சத்தை ஊட்டின. இக்கொலைகளுக்கு மையக்குவிப்பு எவ்வாறு காரணமாகும்? எந்த மையமும் அச்செய்தியை எழுதவில்லை. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் மறைகுறியீட்டில் செல்வதால் நிறுவனமே அதைப் படித்திருக்க இயலாது. செய்தி கையிலிருந்து கைக்கு, மீன்வலை போலவே பரவியது. வாட்ஸ்அப் ஒரு விந்தையான படைப்பு: உடைமையில் ஒரே தலை, பரவலில் தலையே இல்லை. ஒரு செய்தியை முன்னனுப்பும்போது முதலில் சொன்னவரின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. ‘முன்னனுப்பப்பட்டது’ என்ற குறிப்பை 2018 ஜூலையில் சேர்த்தார்கள். அதே மாதத்தில் இந்தியாவில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே முறையில் முன்னனுப்ப முடியாதபடியும் செய்தார்கள். எண்ணிக்கை குறைந்தது, யாரிடமிருந்து என்ற வினா அப்படியே நின்றது.

இந்த வினாவைத் தன் உயிராகக் கொண்ட ஒரு கலை நம்மிடம் உண்டு. ஹதீஸ் கலைக்கு மையம் இருந்ததில்லை. மதீனா, கூஃபா, பஸரா, டமாஸ்கஸ், நைஸாபூர் என்று விரிந்த அவ்வலையில் எந்த அரசவையும் முத்திரை குத்தவில்லை. ஹதீஸ்களைத் திரட்டுமாறு உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) பணித்தது உண்மையே. ஆயினும் எது ஏற்கத்தக்கது என்பதைத் தீர்மானித்தது ஆட்சியாளரின் திவான் அன்று. முவத்தாவை எல்லா நகரங்களுக்கும் பொதுநூலாக்க கலீஃபா முன்வந்தபோது இமாம் மாலிக் (ரஹ்) மறுத்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நபித்தோழர்கள் பல நகரங்களில் பரவி அறிவைப் பரப்பியிருக்க, அனைவரையும் ஒரு நூலுக்குள் அடைப்பது தகாது என்பது அவர் கருத்து. மையமின்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த வலையின் ஒவ்வொரு முடிச்சுக்கும் பெயர் இருந்தது. அவர் எவரைச் சந்தித்தார், நினைவாற்றல் எத்தகையது, முதுமையில் குழம்பினாரா என்று ஆய்ந்து எழுதினர். பெயர் அறியப்படாதவர் மஜ்ஹூல். சங்கிலி இடையே அறுந்தது முன்கதிஃ. இடையிலிருப்பவரை மறைத்து நேரே கேட்டதுபோல் காட்டுவது தத்லீஸ். நம் கைப்பேசிக்கு அன்றாடம் வருபவற்றுள் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்றில் அடங்கும். பலர் அனுப்பியதால் மெய்யாகிவிடாதா என்று கேட்பவருக்கும் விடை உண்டு. தவாத்துர் என்பதற்கு ஒவ்வொரு தலைமுறையிலும் பலர் இருத்தல் வேண்டும். பெயரறியா ஒருவரிடம் தொடங்கி இலட்சம் பேரிடம் சென்றது, தொடக்கத்தில் மஜ்ஹூல் ஒருவரின் செய்தியே. பள்ளிவாசலில் நீட்டப்பட்ட பத்துக் கைப்பேசிகளும் பத்துச் சாட்சிகள் அல்ல. ஸஹீஹ் முஸ்லிமில், ஷாமிலிருந்து பிறைச் செய்தி கொண்டுவந்த குரைபிடம் இப்னு அப்பாஸ் (ரலி) பிறை கண்ட இரவு எது என வினவியதும், அவரே கண்டாரா என வினவியதும் பதிவாகியுள்ளன. எங்கள் இமாம் கேட்டதும் அந்த மரபிலேயே.

இணையத்திற்கே இஸ்லாம்தான் முன்னோடி என்று மேடைகளில் முழங்குவோர்க்கு இதைக் கையளிப்பது என் நோக்கமன்று. இஸ்னாதைக் கொண்டு பெருமை பேசிவிட்டு, இறங்கி வந்தவுடன் பெயரில்லாப் பதிவை முன்னனுப்பும் பேச்சாளர்களை நான் அறிவேன்.

பிறைக்குத் தந்திச் செய்தியை ஏற்க மறுத்த ஆலிம்களைப் பழமைவாதிகள் என்று எள்ளுவதும் நம்மவர் வழக்கம். எம்.ஏ. பயின்ற நாட்களில் நானும் நகைத்ததுண்டு. பிற்பாடு அவ்விவாதங்களைப் படித்தபோதே அவர்களது தடை கம்பியைப் பற்றியது அன்று என்பது விளங்கிற்று. தந்தியின் அடியில் யார் பெயரையும் எவரும் எழுதிவிடலாம்; அனுப்பியவர் அவர்தாம் என்பதற்கு உறுதி எது என்பதே அவர்கள் கேள்வி. டமாஸ்கஸின் ஜமாலுத்தீன் அல்காஸிமி (ரஹ்) 1911இல் தந்திச் செய்தியின்படி செயலாற்றலாம் என்று தனிநூலே எழுதினார். மறுத்தவரும் ஏற்றவரும் ஒரே வினாவைச் சுற்றியே வாதிட்டனர். நாமோ அந்த வினாவையே கைவிட்டுவிட்டோம்.

மையமின்மையும் பெயருடைமையும் இக்காலத்துக் கருவிகளிலும் ஒன்றாக வாழ இயலும். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் 2004 டிசம்பரில் வானொலி இயக்குவதற்காக ஒரு குழுவுடன் போர்ட் பிளேர் சென்றிருந்தார். 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கி வழக்கமான தொடர்புகள் அறுந்தபோது, அவர்களுடைய கருவிகள் நிலப்பகுதியோடு பேசின. உறவினர் உயிரோடிருக்கும் செய்தி பல வீடுகளை அவ்வழியே அடைந்தது. அந்த வலைக்கு நடு முடிச்சு கிடையாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் உரிமத்தோடு வழங்கப்பட்ட அழைப்புக்குறி உண்டு. அதைச் சொல்லாமல் பேசலாகாது என்பது விதி.

இங்கே ஒரு மறுப்பு எழும். செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டித்தர வேண்டும் என்றுதானே 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளும் கோருகின்றன. நீர் அரசின் பக்கம் பேசுகிறீரா என்று கேட்கலாம். இல்லை. ஸனத் கேட்பவனுக்காக அறிவிப்பாளர் தாமே கூறுவது. ஆட்சியாளருக்காக வைக்கப்படும் பதிவேடு அன்று. ஹிஜ்ரி 218இல் கலீஃபா மஃமூன் தொடங்கிய மிஹ்னாவின்போது அரசு அறிஞர்களை அழைத்து விசாரித்தது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) சிறையும் சாட்டையடியும் பெற்றார். அறிவிப்பாளர் யாவரும் பெயரறியப்பட்டவராக இருந்தும் அரசு வெல்லவில்லை. அறிவு ஒரு மாளிகையில் இல்லாமல் நூறு நகரங்களில் நூறு நெஞ்சங்களில் இருந்தது. பெயர் மட்டும் இருந்து மையம் அரசிடம் இருந்திருந்தால் அம்மரபு அன்றே முடிந்திருக்கும்.

ப்ரையர் என்றொரு செயலி உண்டு. அதற்கு நடு சர்வர் கிடையாது. இணையம் அறுந்தாலும் அருகிலுள்ள கைப்பேசிகளுக்கு ப்ளூடூத், வைஃபை வழியே செய்தி செல்லும். இருவர் நேரில் சந்தித்து, ஒருவர் திரையை மற்றவர் கைப்பேசி படிக்கச் செய்து தொடர்பில் சேர்த்துக்கொள்ளும் முறை அதில் உண்டு. அறிவிப்பாளரும் அவருடைய ஆசிரியரும் ஒரே காலத்தவர் என்பது போதும் என்றார் இமாம் முஸ்லிம் (ரஹ்). இருவரும் சந்தித்தது உறுதிப்பட வேண்டும் என்றார் இமாம் புகாரி (ரஹ்). அச்செயலியை இயற்றியோர் இவ்விவாதத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள். எனினும் புகாரியின் நிபந்தனைக்கு இவ்வளவு நெருங்கிய வேறொரு கருவியை நான் காணவில்லை. காஷ்மீரைக் காரணம் காட்டி 2023 மே மாதத்தில் தடை செய்யப்பட்ட பதினான்கு செயலிகளுள் அதுவும் ஒன்று. தடைக்கு முன்பும் நம் ஜமாஅத்துகளில் அதன் பெயரைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலரே.