‘முன்’, ‘பின்’ படங்களில் இல்லாத மீன்

கடல் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கான ‘ஐப்டேசியா ஒழிப்பு’ வழிகாட்டிகளை ஒரு தனி இலக்கிய வகையாகவே எடுத்துக்கொண்டு விமர்சிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். முதலில் ‘முன்’ படம்: பாறை முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஐப்டேசியா. கடைசியில் ‘பின்’ படம்: துடைத்து வைத்த மாதிரி பாறை. நடுவில் ஒரு மருந்து, ஒரு இறால் அல்லது ஒரு மீன். படித்ததும் கை பரபரக்கும். நியூஜெர்சி வீட்டு ஹாலில் 60 கேலன் தொட்டி வைத்திருக்கும் எனக்கும் பரபரத்தது.

பரிச்சயம் இல்லாதவர்களுக்கு: ஐப்டேசியா ஒரு சின்னக் கடல் சாமந்தி. பவளத்துண்டின் அடியிலோ பாறைப் பொந்திலோ ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். பக்கத்துப் பவளங்களைக் கொட்டும். அதன் சாமர்த்தியமெல்லாம் பாதத்தில் இருக்கிறது. நகரும்போது பாதத்தின் துணுக்குகளைப் பாறையிலேயே விட்டுப் போகும்; அந்தத் துணுக்குகள் புது உயிர்களாக வளரும். சுரண்டி எடுத்தால் ஒன்று பத்தாகும். நான் சுரண்டினேன்.

வழிகாட்டிகள் இந்த எச்சரிக்கையைச் சரியாகவே தருகின்றன. சுண்ணாம்பு வைத்தியமும் நல்ல யோசனைதான். கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியாகக் குழைத்து, பம்ப்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாயில் விடுவது. வேதியியல்படி பார்த்தால் நம்ம வெற்றிலைச் சுண்ணாம்புதான். ஒரே நாளில் நிறைய விட்டால் தண்ணீரின் பிஹெச் ஏறிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள்.

என் முதல் புகார், ‘பின்’ படம் எடுத்த தேதி பற்றியது. மூன்றாவது நாள் பாறை சுத்தமாகத்தான் இருக்கும். மூன்றாவது மாதம்? இரண்டாவது புகார்: அதே வாரத்தில் தீனியைக் குறைத்திருப்பார், தண்ணீர் மாற்றியிருப்பார், பெப்பர்மின்ட் இறாலும் விட்டிருப்பார். பேர் மட்டும் இறாலுக்கு. ஒரே கமிட்டில் நாலு மாற்றத்தைப் போட்டுவிட்டு ‘பக் சரியாயிடுச்சு’ என்று ஆபீஸில் யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். இங்கே நம்பினேன்.

நம்பி வாங்கியதுதான் காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீன். நீண்ட மூக்கு, வெள்ளி உடம்பில் ஆரஞ்சுப் பட்டைகள். ஐப்டேசியாவைத் தின்னும் என்பது வழிகாட்டி வாக்கு. சில மீன்கள் தின்னவும் செய்யும். ஆனால் பாறை இடுக்குகளில் மூக்கை நுழைத்துப் புழு பூச்சி பொறுக்கிப் பழகிய மீன் அது. பெரும்பாலும் கடலில் பிடித்துத்தான் கடைக்கு வருகிறது. கடைத் தீனியைப் பல மீன்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. என்னுடையதும் பார்க்கவில்லை. உறைந்த இறால், புழு, பிளந்து வைத்த மட்டி எல்லாம் முயற்சி செய்தாயிற்று. பள்ளி விட்டு வந்ததும் என் மகளின் முதல் கேள்வி, “அப்பா, இன்னிக்குச் சாப்டுச்சா?” பத்தொன்பதாம் நாள் காலையில் பாறையோரம் சாய்ந்து கிடந்தது. பக்கத்திலேயே ஐப்டேசியா நன்றாக விரிந்து நின்றது.

வழிகாட்டிகளைத் திரும்பப் போய்ப் படித்தேன். சில மீன்கள் சாப்பிடாது என்று ஒரு வரி இருக்கத்தான் செய்தது. சாப்பிடாத மீன் செத்துப்போகும் என்பது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயமா என்று கேட்பீர்கள். எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். மீனை மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டால், படிப்பவனும் மருந்து வாங்குகிற மனநிலையில்தான் கடைக்குப் போகிறான்.

பெர்கியா கதையும் இதேதான். ஓடில்லாத இந்தச் சின்னக் கடல் நத்தைக்கு ஐப்டேசியா தவிர வேறு சாப்பாடே கிடையாது. பாறை சுத்தமாகும் நாளில் அதற்குப் பட்டினி தொடங்குகிறது. யாராவது அதை அடுத்த தொட்டிக்குக் கைமாற்ற வேண்டும். கட்டுரையோ ‘பின்’ படத்தோடு முடிந்துவிடுகிறது.

இதே ஐப்டேசியாவை ஆய்வகங்களில் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள். 2015இல் அதன் மரபணுத் தொகுதியையே வெளியிட்டார்கள். பவளங்களைப் போல இதன் உடம்புக்குள்ளும் நுண்பாசிகள் குடியிருந்து உணவு தருகின்றன. கடல் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை இழந்து வெளுக்கிறது. அப்படியே நீடித்தால் பட்டினியில் சாகிறது. ஐப்டேசியாவுக்குத் தீனி கிடைத்தால் போதும், பாசி இல்லாமலும் பிழைக்கும். பிறகு பாசியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். அதனால் இந்தக் கூட்டுக் குடித்தனம் எப்படி முறிகிறது என்று ஆராய வசதியான உயிர். என் தொட்டியில் தொல்லையாக இருக்கும் அதே பிழைக்கும் திறமை, அங்கே உதவியாக இருக்கிறது.

அதற்காகக் கொல்லாதீர்கள் என்று சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் இப்போதும் சிரிஞ்சோடுதான் நிற்கிறேன். எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது மூன்று விஷயம்: தேதிகள், கூடவே செய்த மற்ற மாற்றங்கள், தொட்டியில் விட்ட உயிர்கள் கடைசியில் என்ன ஆயின என்ற கணக்கு.

என் கணக்கு இது. மார்ச்சில் எண்ணியபோது ஐப்டேசியா 41. செப்டம்பரில் 9. சுண்ணாம்பும் வைத்தேன், தீனியையும் பாதியாக்கினேன். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வாங்கிய மீன் 1. செத்த மீன் 1.