வேம்பும் சுனைநீரும்

காதல் கசந்த நிலையைக் கூறும் கவிதைகளுக்கு நம் பழைய இலக்கியத்திற் குறைவில்லை. ஆயின், அவற்றுக்குப் பொருள் உரைப்போருட் பலர், 'காதலின் இயல்பே இதுதான்' என்று பெருமூச்செறிந்து அமைந்துவிடுகின்றனர். பெருமூச்சு திறனாய்வு ஆகாது. எவருடைய காதல் கசந்தது, எதனாற் கசந்தது, அக்கசப்பை விழுங்கும்படி விதிக்கப்பட்டவர் யார் என்னும் வினாக்களை எழுப்பாத இரசனை, சமுதாய அநீதியொன்றை இயற்கை விதியாக உயர்த்திவிடும். குறுந்தொகையின் 196 ஆம் பாடல் இவ்வாறு தவறாகப் பொருள் கொள்ளப்படுவதற்கு மிகவும் இடந்தருவது. அத்தவற்றைத் திருத்துவதற்கான சான்றுகளையும் தன்னகத்தே கொண்டது.

மிளைக் கந்தன் இயற்றிய இம்மருதத்திணைச் செய்யுள் ஆறே அடிகளில் அமைந்தது. பரத்தையை நாடிச் சென்று மீண்ட தலைவன், வீட்டினுட் புக வேண்டி நிற்கின்றான். அவனை எதிர்கொண்டு பேசுபவள் தோழி. தலைவி வேம்பின் பச்சைக்காயைத் தந்தபோதும் அதை இனிய வெல்லக்கட்டி எனப் போற்றியவன், இப்பொழுது பாரியின் பறம்புமலைச் சுனைநீரை, அதுவும் தை மாதத்துக் குளிர்ச்சியோடு தந்தாலும், சுடுகின்றது, உவர்க்கின்றது எனக் குறை கூறுகின்றான் என்பது அவள் கூற்று. அன்பின் தன்மை அத்தகையது என்று கூறி அவள் முடிக்கின்றாள்.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது பண்டைய இனிமைக்கும் இன்றைய கசப்புக்கும் இடையிலான முரணாகவே தோன்றும். அன்று மெய்யான காதல் இருந்தது, இன்று அது மறைந்தது என்று அவர்கள் அமைதி காண்பர். ஆனால், புலவன் தேர்ந்துகொண்ட பொருள்களைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். வேப்பங்காய் உண்மையாகவே கசப்பது. சுனைநீர் உண்மையாகவே குளிர்ந்தது. ஆகவே, தலைவன் இன்று சொல்வது மட்டுமன்று, அன்று சொன்னதும் பொய்யே. இருவேளையிலும் அவன் தலைவி தந்த பொருளைச் சுவைத்தானல்லன். தன் விருப்பத்தையும் தன் சலிப்பையுமே சுவைத்தான். தந்தவளின் கை மாறவில்லை. காயினின்றும் நீருக்கு அவள் கொடை உயர்ந்திருக்கின்றது. அதற்கு அவன் இட்ட மதிப்போ தாழ்ந்திருக்கின்றது. கொடுப்பவள் ஒருத்தியாகவும் அக்கொடைக்கு விலை கூறும் உரிமை பெற்றவன் மற்றொருவனாகவும் இருக்கும் உறவில் இது நிகழ்வது வியப்பன்று.

மருதநிலத்துச் சுனை ஒன்றையோ பொய்கை ஒன்றையோ கூறாது, பறம்பின் சுனையைப் புலவன் கூறியதற்கும் காரணம் உண்டு. புறநானூற்றின் 176 ஆம் பாட்டிற் புறத்திணை நன்னாகனார் இதே சுனையை உவமையாக்குகின்றார். தம் ஊரிலேயே இருப்பதால் அந்நீரின் அருமை உணராது இகழ்ந்தவர்களைப் போலத் தாமும் நல்லியக்கோடனைக் காணாது நாட்களைக் கழித்துவிட்டதாக அவர் வருந்துகின்றார். எப்போதும் கைக்கெட்டும் பொருள் இகழப்படும் என்பது அக்காலப் புலவர் அறிந்த உண்மை. குறுந்தொகைத் தலைவியும் இவ்வாறு கைக்கெட்டிய பொருளாகிவிட்டவளே. களவுக் காலத்தில் அவள் வேண்டிப் பெற வேண்டியவள். மணத்தின் பின் அவள் உடைமை. வேம்பு வெல்லமானதும் சுனைநீர் உவர்நீரானதும் இவ்விரு நிலைகளுக்கிடையிலேதான்.

மருதம் நெல் விளையும் நிலம். உபரி விளைச்சலும் நிலவுடைமையும் அங்கு வேரூன்றின. இல்லறக் கற்பைப் பெண்ணுக்கு விதித்து, பரத்தையர் சேரியை ஆணுக்குத் திறந்துவைத்த ஒழுக்கமும் அவ்வாழ்வோடு சேர்ந்தே இலக்கியத்தில் இடம்பெறுகின்றது. ஊடலை அந்நிலத்தின் உரிப்பொருளாக இலக்கணம் வகுத்தது எனின், பெண்ணின் மனக்குறைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது என்பதே பொருள். அவள் ஊடலாம், உறவை முறிக்கலாகாது. பரத்தையும் இவ்வமைப்பின் பயனாளி அல்லள். ஆலங்குடி வங்கனாரின் எட்டாம் குறுந்தொகைப் பாடலில் அவள் பேசுகின்றாள்: தன்னிடத்தில் வீரம் பேசியவன், தன் புதல்வனின் தாய்முன் கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் போல் ஆடுகின்றானாம். வீட்டுக்கு வீடு மாறும் இந்த நாவினை இரு பெண்களும் அறிந்திருக்கின்றனர்.

இனி இறுதிக் கூற்றுக்கு வருவோம். 'உமது' என்ற சொல் அங்கில்லை. எனவே அது எல்லார் அன்பையும் குறிக்கும் பொது விதி எனச் சிலர் கொள்ளலாம். ஆனால் 'ஐய' என்று அவனை விளித்தே தோழி அதனைக் கூறுகின்றாள். மேலும், அவள் காட்டிய அன்பு ஒன்றன்று, இரண்டு. தலைவியின் அன்பு தந்துகொண்டே இருக்கின்றது, அது மாறவேயில்லை. மாறுவது அன்பின் பொது இயல்பாயின் தலைவியின் கையும் மாறியிருக்க வேண்டுமன்றோ? ஆதலால், 'இத்தகையது' எனச் சுட்டப்படுவது, உடைமையாக்கிப் பின் இகழும் தலைவனின் அன்பே.

இத்தீர்ப்பைக் கூறுபவள் யார்? தோழியைச் செவிலியின் மகள் என்கின்றது தொல்காப்பியம். பணி செய்யும் குடியிற் பிறந்தவள், தலைவனை மரியாதைச் சொல்லால் விளித்தபடியே, அவன் நாவைக் கொண்டே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கின்றாள். இதுவரை சுவைக்கு விலை கூறியவன் இப்பொழுது விலை கூறப்படுபவனாகின்றான். அவள் கதவைத் திறந்தாளா என்பதைப் பாட்டுக் கூறவில்லை. மரபு திறக்கச் சொல்லும். கவிஞனோ கதவு மூடியிருக்கும் கணத்திலேயே நிறுத்திவிட்டான். தலைவிக்கு இங்கே குரல் இல்லை என்பது அக்காலத்தின் எல்லை. அவ்வெல்லைக்குள் நின்றும் மெய்யைக் கூற ஒரு தோழியைக் கண்டது கவிஞனின் வெற்றி.

பழந்தமிழர் காதலின் மாண்பை மேடைதோறும் முழங்குவோர், பறம்பின் குளிர்ந்த நீரை உவர்நீர் என்றவனையும் அம்மாண்போடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். கசப்பு காதலில் இல்லை. ஒருவர் கொடுக்க மற்றவர் மட்டுமே தீர்ப்பளிக்கும் உறவில் இருக்கின்றது.