ஏ3 தாளுக்கு ஸ்கிரீன்ஷொட்: பயர்பொக்ஸின் ஒற்றைவரிக் கட்டளை

பட்டிப்பொலயிலிருந்து நல்ல கலர் பிரிண்ட் எடுக்க, ரயிலேறி நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து நுவரெலியா டவுனுக்குப் போகவேண்டும். எழுத்து மங்கி வந்தால் காசும் போச்சு, அன்றைய நாளும் போச்சு. அதனால் ஃபைலை வீட்டிலேயே சரியாகச் செய்துகொண்டு போவதுதான் புத்தி.

வாசிகசாலைச் சுவரில் ஒட்ட, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்நூலகத்தின் பக்கமொன்று தேவைப்பட்டது. ஏ3 தாளைக் கிடையாக வைத்தால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அகலத்துக்கு மட்டும் 4961 புள்ளி வேண்டும். சாதாரணத் திரை தருவது 1920. அதாவது அங்குலத்துக்கு 116தான். போட்டோஷொப்பில் 72ஐ அழித்து 300 என்று அடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். இல்லாத புள்ளி எங்கிருந்து வரும்? படத்தை எடுக்கும்போதே பெரிதாக எடுக்கவேண்டும்.

அதற்குப் பயர்பொக்ஸில் கட்டளை இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், கே மூன்றையும் அழுத்தினால் கொன்சோல் திறக்கும். முக்காற்புள்ளி, ஒட்டி ‘ஸ்கிரீன்ஷொட்’, இடம் விட்டு இரண்டு சிறுகோடு, ‘டிபிஆர்’, மீண்டும் இடம் விட்டு 4. எல்லாம் ஆங்கில எழுத்தில். டிபிஆர் என்பது புள்ளிகளை எத்தனை மடங்காக்குவது என்ற எண். பக்கம் தெரியும் பகுதியை 1240க்கு 877 என்று அமைத்துக்கொண்டால், கிடைக்கும் படம் 4960க்கு 3508. ஏ3க்கு அநேகமாக அச்சொட்டாகப் பொருந்தும். கட்டளையை ஒட்டப் பார்த்தால் முதல் தடவை பிரவுசர் மறுக்கும், கையால் அடியுங்கள்.

வித்தியாசம் எழுத்தில் தெரிகிறது. சாதாரணப் படத்தைப் பெரிதாக்கினால் ‘ண’வின் சுழிகள் அடைபட்டு ‘ன’வோடு குழம்பும், ‘ழ்’ மேலுள்ள புள்ளி கறையாகும். இதில் பிரவுசர் எழுத்துருவையே நான்கு மடங்கில் புதிதாக வரைவதால் சுழி திறந்திருக்கிறது, புள்ளி உருண்டையாக நிற்கிறது.

படங்களுக்கு இந்த வித்தை பலிக்காது. சிறிய நூல் அட்டைகள் சொரசொரவென்றே வருகின்றன. தளம் பெரிய படமும் வைத்திருந்தால், குரோமின் கைபேசிப் பார்வையில் டிபிஆரைக் கூட்டி அதை வரவழைக்கலாம். ஆனால் 16,384 புள்ளியைத் தாண்டும் நீண்ட பக்கங்களில் குரோம் தடுமாறுகிறது.

பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்தால் இன்னும் கூர்மை, உண்மைதான். ஆனால் பக்க அமைப்பு மாறிவிடலாம். பிரிண்ட் கடைக்காரர் அந்தப் பிடிஎஃப்பைக் கோரல்ட்ரோவில் திறந்தால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகவும் கூடும். என் தெரிவு பிஎன்ஜிதான். ஜேபெக்காக மாற்றினால் எழுத்தோரம் அழுக்குப் படியும். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அல்ல, டொகியூமென்டாக.

நிறம் மட்டும் நம் கையில் இல்லை. திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் நான்கு வர்ண மையில் சற்று மங்கும். முழுத்தாளுக்கு முன் ஓரத்துண்டு ஒன்றை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.